செம்மண் சுவரேறிய கதை

1940ஆம் ஆண்டு வங்கத்தின் சாந்திநிகேதனில், கலா பவனம் என்ற கலைப்பள்ளியின் மாணவர் விடுதியில் படுக்கையை விரித்துப் படுத்தவர்கள் அண்ணாந்து பார்த்தால், கூரையில் ஓர் ஊரே விரிந்து கிடந்தது. நடுவே ஒரு குளம். அதைச் சுற்றி மரங்கள், மண்வீடுகள், ஆடுமாடுகள், அவரவர் வேலையில் இருக்கும் ஆண்கள், பெண்கள். முட்டைக்கருவில் குழைத்த வண்ணங்களால் தீட்டிய அந்தப் படத்துக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று எதுவும் கிடையாது. எந்தத் திசையில் தலைவைத்துப் படுத்தாலும் கிராமத்தின் ஏதோ ஒரு மூலை கண்ணுக்கு நேராக வரும். வெளியே கதவைத் திறந்தால் எந்த பீர்பூம் மாவட்டம் தெரியுமோ, அதே பீர்பூம்தான் தலைக்கு மேலும்.

வரைந்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. கலா பவனத்தின் முதல் மாணவர்களில் ஒருவர். படித்து முடித்தபின் அங்கேயே ஆசிரியரானவர். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. அப்படிப்பட்டவர் சுற்றுவட்டாரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் என்பதே புதிதாக வருகிற மாணவர்களுக்கு முதல் பாடமாக இருந்தது. அந்த ஆண்டு கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவரும் அந்த மாணவர்களில் உண்டு. கிராமத்தை அதிகம் அறியாத நகரத்துப் பிள்ளை. பெயர் சத்யஜித் ராய்.

இன்று பல பள்ளிகளில் பிள்ளைகளிடம் வண்ணத்தைக் கொடுத்து “உன் தெருவை வரை, உன் ஊரை வரை” என்கிறார்கள். தெருச்சுவர்களில் மாணவர்கள் ஓவியம் தீட்டுவது வாடிக்கையாகிவிட்டது. ஆனால் இந்தியாவில் ஒரு கலைப்பள்ளி இதைத் தன் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் விடாமல் செய்துபார்த்தது என்றால் அது சாந்திநிகேதனில்தான். அதற்கான காரணங்கள் பாதி கொள்கை, பாதி வறுமை.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1863ல் ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாத், போல்பூருக்கு அருகே 20 பீகா நிலத்தை ஆண்டுக்கு 5 ரூபாய் என்ற நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தார். அன்றைக்கு அது வெறும் பொட்டல். செம்புராங்கல் படிந்த நிலம் மழையில் அரித்து அரித்துச் சிறு பள்ளத்தாக்குகளாகப் பிளந்து கிடக்கும். வங்கத்தில் இதைக் ‘கோவாய்’ என்பார்கள். அங்கங்கே பனைகள், தொலைவில் கோபாய் ஆறு, அதற்கிடையே சந்தால் பழங்குடியினரின் குடியிருப்புகள். தேவேந்திரநாத் தியானத்தில் அமர்ந்த இடத்தில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் நின்றன. இன்றும் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்கு அந்த மரத்தின் இலைக்கொத்தைத் தருகிறார்கள்.

1901 டிசம்பரில் ஐந்து மாணவர்களோடு தாகூர் இங்கே பள்ளி தொடங்கினார். அவர்களில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1919ல் கலா பவனம் பிறந்தது. 1921ல் விஸ்வபாரதி கல்வி நிலையம் முறைப்படி உருவானது.

கலைப்பள்ளி தொடங்குவதற்கு முன்பே தாகூரின் மனதில் ஒரு குறை இருந்தது. அண்ணன் மகன்முறையான அவனீந்திரநாத்தைச் சுற்றி உருவான வங்க ஓவியர் கூட்டம் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. புராணக் காட்சிகள், முகலாய அரசவை, மெல்லிய நீர்வண்ணப் பூச்சு. எல்லாம் கையகலத் தாள்களில். 1916ல் ஜப்பான் போன தாகூர், அங்கே யொகோயாமா தைக்கான், ஷிமோமுரா கன்சான் ஆகியோரின் பெரிய பெரிய ஓவியங்களைப் பார்த்தார். நம்மவர்களின் கலை அறைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது, வாழ்க்கையோடு அதற்கு ஒட்டுதல் போதவில்லை என்ற ஆதங்கத்தை அங்கிருந்தே வீட்டுக்குக் கடிதங்களில் எழுதினார்.

அந்த ஆதங்கத்துக்குச் செயல்வடிவம் கொடுக்க வந்தவர் அவனீந்திரநாத்தின் தலைமாணாக்கர் நந்தலால் போஸ். 1882ல் பிஹாரின் கரக்பூரில் பிறந்தவர். இங்கிலாந்திலிருந்து ஹெரிங்ஹாம் சீமாட்டி அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது அந்தக் குழுவில் இருந்தவர். பின்னர் 1921ல் பாக் குகைகளுக்கும் போய்ப் படியெடுத்தவர். பெரிய சுவரில் ஓவியம் எப்படி நிற்கும் என்று கண்ணாலும் கையாலும் அறிந்தவர். 1920களின் தொடக்கத்தில் கலா பவனத்தின் பொறுப்பை ஏற்று 1951 வரை அதிலேயே இருந்தார். மாணவர்களுக்கு அவர் ‘மாஸ்டர்மொஷாய்’.

மாஸ்டர்மொஷாயின் வகுப்பறை பெரும்பாலும் வெளியில்தான் இருந்தது. சட்டைப்பையில் அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிய அட்டைகளை எப்போதும் வைத்திருப்பார். போகிற வழியில் கண்ணில் பட்ட ஆட்டுக்குட்டி, புல்தண்டு, சுமை தூக்கும் பெண், சந்தை வண்டி என எதையும் நான்கைந்து கோட்டில் பிடித்துவிடுவார். அப்படி அவர் வரைந்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாணவர்களுக்கு எழுதிய கடிதங்கள் பலவும் இப்படிப்பட்ட படங்களே. மாணவர்களும் ஆற்றங்கரைக்கும் சந்தால் ஊர்களுக்கும் கையேட்டோடு போனார்கள். குளிர்கால விடுமுறையில் கூட்டமாக வெளியூர் போய்த் தங்கி வரைவதும் வழக்கமானது. கல்கத்தா, பம்பாய், சென்னை கலைப்பள்ளிகளில் மாணவன் கிரேக்கச் சிலைகளின் சாந்து வார்ப்புகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்த காலம் அது. இங்கே பயிற்சிக்கு வேலியோரத்து எருக்கஞ்செடி போதும் என்றார்கள்.

ஊர்ப்பெண்களின் கலைக்கும் இதில் பங்கு உண்டு. அரிசிமாவைக் கரைத்துத் தரையில் இடுகிற வங்கத்து ‘அல்பனா’, நம் இழைக்கோலத்துக்கு நெருங்கிய உறவு. நோன்புநாட்களில் பெண்கள் போடும் இந்தக் கோலங்களைப் பற்றி அவனீந்திரநாத் 1919ல் ‘பங்களார் பிரதா’ என்று ஒரு நூலே எழுதியிருந்தார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி என்ற பெண்மணி கலா பவனத்தில் அல்பனாவைக் கற்றுத்தந்தார். அதற்குப்பின் நந்தலாலின் மகள்கள் கௌரி பஞ்ஜாவும் ஜமுனா சென்னும் அந்த மரபை வளர்த்தார்கள். சடங்குக்குரிய சின்னங்கள் மெல்ல விலகி, வளாகத்தில் பூக்கிற பூவும் கொடியும் கோலத்துக்குள் வந்தன. 1928ல் தாகூர் மரநடு விழாவையும் ஏர்ப்பூட்டு விழாவையும் தொடங்கியபோது, விழாக்களத்தை அலங்கரிக்கும் வேலை மாணவர்கள் கைக்கு வந்தது. விழாவுக்குக் கோலம், நாடகத்துக்கு மேடை, வரவேற்புக்குப் பந்தல். ஓவியம் படிப்பவன் ஊரின் வேலைக்காரனாகவும் இருக்கவேண்டும் என்பது எழுதப்படாத விதியானது. பக்கத்து சுருல் கிராமத்தை ஒட்டிய ஸ்ரீநிகேதனில் ஏர்ப்பூட்டு விழாவையே நந்தலால் சுவரோவியமாக்கினார்.

சுவருக்கு வருவோம். கலா பவனம் தொடங்கியபோது சுவரில் வரையும் தொழில்நுட்பம் யாருக்கும் முழுதாகத் தெரியாது. சந்தோஷாலயம் என்ற சிறுவர் விடுதியில் முதல் தலைமுறை மாணவர்கள் மரம், விலங்கு, பறவை என்று வரைந்துபார்த்தார்கள். பல முயற்சிகள் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்தன. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி பிரான்சில் ஈரச்சுண்ணாம்பின் மேல் வரையும் ஐரோப்பிய முறையைக் கற்றுவந்தார். ராஜஸ்தானில் அந்த வித்தை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அறிந்த நந்தலால், ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்ற பரம்பரைக் கைவினைஞரை வரவழைத்தார்.

ஜெய்ப்பூர் முறை பொறுமையைச் சோதிப்பது. ஊறவைத்து அரைத்த சுண்ணாம்போடு பளிங்குத்தூள் சேர்த்துச் சுவரில் பூசவேண்டும். ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டவேண்டும். தீட்டியதைத் தட்டி உள்ளிறக்கி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றவேண்டும். கடைசியில் தேங்காயெண்ணெய் தடவினால் சுவர் கண்ணாடிபோல் மின்னும். இதைப் பழைய நூலகக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நரசிங்லாலோடு சேர்ந்து ஆசிரியர்களும் மாணவர்களும் செய்தார்கள். பட்டம் பெற்ற பேராசிரியர் வரிசையில் நிற்காத ஒரு கைத்தொழிலாளியிடம் கலைக்கல்லூரி முழுவதும் பாடம் கேட்டது அன்றைக்குப் புதுமை.

பளிங்குத்தூளுக்கும் செங்கல்லுக்கும் காசில்லாத இடத்தில் மண் கைகொடுத்தது. 1935ல் தாகூர் தம் பிறந்தநாளன்று ‘ஷியாமலி’ என்ற புது வீட்டுக்குக் குடிபோனார். சுரேந்திரநாத் கர் வடிவமைத்தது. சுவர் மட்டுமல்லாமல் கூரையும் மண். ஓலைக்கூரை தீப்பற்றி அவதிப்படும் ஏழைகளுக்கு இது ஒரு மாதிரி வீடாக அமையலாம் என்று தாகூர் நினைத்தார். வெளிச்சுவர்களில் கலா பவனத்தார் புடைப்புருவங்களைச் செதுக்கினார்கள். வாசலருகே சந்தால் உருவங்கள் நின்றன. 1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூர்பாவும் சாந்திநிகேதன் வந்தபோது தங்கியது இந்த வீட்டில்தான்.

அதே காலத்தில் எழுந்ததுதான் ‘காலோ பாரி’, கறுப்பு வீடு. கலா பவனத்து மூத்த மாணவர்களுக்கான விடுதி. 1934 வாக்கில் வேலை தொடங்கியது. மண்சுவரை எழுப்பி, அதில் புடைப்புருவங்களை வார்த்து, மழை கரைக்காமலிருக்க மேலே தார் பூசினார்கள். நந்தலாலும் ராம்கிங்கர் பைஜும் முன்னின்றார்கள். ஆண்டுதோறும் வந்த மாணவர்கள் ஆளுக்கொரு பகுதியைச் சேர்த்தார்கள். பார்ஹுத் ஸ்தூபியின் உருவங்களும் மொஹஞ்சதாரோ முத்திரையின் காளையும் எகிப்திய, அசிரிய வடிவங்களும் அந்தச் சுவர்களில் ஒன்றாக நிற்கின்றன. உலகக் கலை வரலாற்றை மாணவர்கள் படித்த விதம் இது: புத்தகத்தில் பார்த்ததைத் தாங்கள் உறங்கும் வீட்டுச் சுவரில் பக்கத்து வயலின் மண்ணால் செய்துபார்ப்பது. மண்சுவரைப் பூசி மெழுகி அழகுபார்க்கிற கலை சந்தால் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. கலா பவனம் அதைப் பக்கத்துவீட்டாரிடம் இருந்து எடுத்துக்கொண்டது.

ராம்கிங்கரின் கதையைத் தனியே சொல்லவேண்டும். பாங்குராவில் எளிய நாவிதர் குடும்பத்தில் 1906ல் பிறந்தவர். அவருடைய திறமையைக் கண்ட பத்திரிகையாளர் ராமானந்த சட்டர்ஜி 1925ல் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். சிற்பத்துக்கு வெண்கலம் வாங்கப் பணம் இல்லை. கல்லும் அருகில் இல்லை. இரும்புக்கம்பியால் எலும்புக்கூடு கட்டி, சிமெண்டில் செம்புராங்கல் சரளையைக் கலந்து அதன்மேல் வீசி வீசி அப்பினார். கோவாயின் சரளையே சிலையின் தோலாயிற்று.

1935ல் யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே அவர் நிறுத்திய ஒல்லியான பெண்ணுருவம் முதலில் வெறும் நடக்கிற பெண்தான். தலையில் ஒரு பாத்திரம் வைத்தால் புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதை ஆகிவிடுவாள் என்று நந்தலால் யோசனை சொல்ல, அப்படியே ஆயிற்று. அந்த உருவத்துக்கு மாதிரியாக இருந்தவர் சென்னையில் பிறந்த மாணவி ஜெயா அப்பாசாமி என்பது சாந்திநிகேதனில் வழங்கிவரும் செய்தி. பின்னாளில் அவர் ஓவியராகவும் கலை விமர்சகராகவும் பெயர்பெற்றார். சிலையைப் பார்த்த தாகூர், வளாகம் முழுவதையும் இப்படி நிரப்பிவிடு என்று ராம்கிங்கருக்குச் சொன்னதாகவும் சொல்வார்கள்.

1938ல் ‘சந்தால் குடும்பம்’. ஒரு ஆண், ஒரு பெண், குழந்தை, கூடவே ஒரு நாய். தோளில் காவடித்தடியும் கூடையுமாக, உடைமை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பிழைப்புத் தேடி நடக்கிறார்கள். ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள். பீடத்தில் ஏற்றாமல் ஏறக்குறைய தரைமட்டத்திலேயே நிறுத்தியதால், அந்த வழியாக உண்மையிலேயே வேலைக்குப் போகிற சந்தால்களோடு அவர்களும் நடப்பதுபோல் இருக்கும். 1956ல் செய்த ‘மில் சங்கு’ இன்னும் வேகமானது. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது; இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், ஈரத்துணி காற்றில் பறந்தே காய்கிறது, பின்னால் ஒரு சிறுவன். போல்பூரைச் சுற்றி ஆலைகள் வந்து வயல்வேலையின் நேரம் சங்கு நேரமாக மாறியதை அந்தச் சிலை பதிவு செய்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தைப் பார்த்து வரையும் இந்தப் பழக்கம் 1938 பிப்ரவரியில் நாடளாவிய மேடை ஒன்றில் ஏறியது. குஜராத்தில் தபதிக் கரையிலுள்ள ஹரிபுராவில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு. பந்தலுக்கு வருகிற கிராமத்து ஜனங்கள் போகிற வழியிலேயே கண்டு களிக்கும்படி, உள்ளூரில் கிடைக்கிற பொருளைக் கொண்டு அலங்கரிக்கவேண்டும் என்பது காந்தியின் விருப்பம். பொறுப்பு நந்தலாலுக்கு வந்தது. கைக்காகிதம், மண்வண்ணம், தடித்த கோடு. தச்சன், தையல்காரன், செருப்புத் தைப்பவர், மேளக்காரர், மாடு பிடிப்பவன், மல்லன், தானியம் குத்தும் பெண்கள் என்று நாட்டுப்புறத்து உழைப்பாளிகளே படங்களில் இருந்தார்கள். நந்தலால் 80க்கும் மேற்பட்ட படங்களைத் தாமே வரைந்தார். மாணவர்கள் அவற்றைப் படியெடுத்துப் பெருக்க, மொத்தம் ஏறக்குறைய 400 படங்கள் தோரணவாயில்களிலும் பந்தல்களிலும் ஏறின. கட்டணம் கிடையாது, சட்டகம் கிடையாது. வங்கத்துப் பட்டுவா ஓவியர்கள் சந்தையில் உட்கார்ந்து சளைக்காமல் வரைந்து தள்ளுகிற வேகம் இந்தப் படங்களின் கோட்டில் தெரியும்.

ஹரிபுராவில் ஊர் ஊராக எடுத்துச்செல்லத்தக்க படங்கள் பிறந்தன என்றால், பினோத் பிஹாரி எதிர்த்திசையில் போனார். ஒரே இடத்தை ஊன்றிப் பார்ப்பது அவர் வழி. 1940ல் விடுதிக் கூரை. 1942ல் சீன பவனத்தின் மாடிப்படிச் சுவர்களில் வளாகத்து அன்றாட வாழ்க்கை: மரத்தடி வகுப்பு, நடந்து போகிற மாணவர்கள், வேலை செய்யும் ஆட்கள். வளாகத்தில் இருப்பவர்கள் தங்களையே சுவரில் பார்த்துக்கொண்டு படியேறினார்கள். 1946, 1947 ஆண்டுகளில் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில், சுமார் 80 அடி நீளத்துக்கு, இடைக்காலத்து பக்தர்களின் வாழ்வைத் தீட்டினார். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் என்று ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு ஆறு ஓடுவதுபோல் காட்சி நகரும். ஈரச்சுண்ணாம்பில் வரைகிறவர்கள் வழக்கமாக முழு அளவு மாதிரிப்படத்தைத் தயாரித்துச் சுவரில் படியெடுப்பார்கள். பினோத் பிஹாரி அது இல்லாமலே நேராக வரைந்தார். அரைப்பார்வை கொண்ட மனிதர் 80 அடியையும் மனதிலேயே வைத்திருந்தார் என்று பொருள். ராமானுஜரும் கபீரும் எங்கோ பிறந்தவர்கள். ஆனால் அவர்களைச் சுற்றி நிற்கும் நெசவாளரும் வண்டிக்காரரும் சுமைகாரரும் தெருவில் அன்றாடம் பார்க்கிற எளிய முகங்கள்.

இந்தி பவனச் சுவரில் அவருக்குத் துணைநின்ற மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டது. 1944ல் சாந்திநிகேதன் வந்தார். இன்னொருவர் ராஜஸ்தானைச் சேர்ந்த தேவகிநந்தன் சர்மா.

இப்படி வந்து படித்த பலருக்கும் பீர்பூம் சொந்த ஊர் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மலபாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். பிறந்த மண்ணின் மீது உள்ள பாசத்தால் வரைந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, அதன் மண்ணைக் குழைத்து, அதன் விழாவுக்குக் கோலமிட்டு, மெல்ல மெல்ல அதைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பழக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இலங்கையின் மஞ்சுஸ்ரீ இதற்கு நல்ல சாட்சி. 1932ல் சீன மொழி கற்க வந்த பௌத்தத் துறவி. சாந்திநிகேதனின் காற்று பட்டு ஓவியத்தின் பக்கம் திரும்பிவிட்டார். நாடு திரும்பியபின், ஈரத்தில் உதிர்ந்துகொண்டிருந்த சிங்கள விகாரைச் சுவரோவியங்களை ஊர் ஊராகப் போய்ப் படியெடுப்பதையே வாழ்க்கைப் பணியாக வைத்துக்கொண்டார். அவர் படியெடுத்ததில் சில இன்று மூலச் சுவரில் இல்லை. 1979ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தேவகிநந்தன் சர்மா ராஜஸ்தானின் பனஸ்தலி வித்யாபீடத்தில் பெண்களுக்குச் சுவரோவியப் பயிற்சி முகாம்களை நடத்தி, ஜெய்ப்பூர் முறையை அது பிறந்த மண்ணிலேயே கல்லூரிப் பாடமாக்கினார். பியோஹர் ராம்மனோகர் சின்ஹா ஜபல்பூரின் தியாகிகள் நினைவு மண்டபத்துச் சுவர்களில் ஓவியங்களை உருவாக்கினார்.

இந்தச் சின்ஹாதான் அரசியல் சட்டத்தின் மூலப்பிரதியில் முகவுரைப் பக்கத்து அலங்காரத்தை வரைந்தவர். கையெழுத்துப் பிரதி முழுவதையும் அழகுபடுத்தும் வேலை நந்தலாலிடமும் அவருடைய மாணவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நான்முகச் சிங்கத்தை வரையும் பொறுப்பு தீனநாத் பார்கவா என்ற மாணவருக்கு வந்தது. சாரநாத் தூணின் புகைப்படம் ஒன்று இருந்தால் போதாதா? போதாது என்று மாஸ்டர்மொஷாய் அவரைக் கல்கத்தா மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பி, உயிருள்ள சிங்கத்தைப் பலமுறை பார்த்து வரச்செய்தார்.

சத்யஜித் ராய் படிப்பை முடிக்காமல் 1942 இறுதியில் கல்கத்தா திரும்பி விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். ஆனால் 1955ல் வந்த அவருடைய ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்தில் குளத்து நீரில் ஓடும் பூச்சியையும் மழைக்கு முந்தைய காற்றையும் கேமரா நின்று பார்க்கும் விதம், சாந்திநிகேதனில் கற்ற பார்வைதான். 1950களின் பிற்பகுதியில் கண் அறுவைசிகிச்சைக்குப்பின் பினோத் பிஹாரி முழுவதும் பார்வை இழந்தார். அதன்பிறகும் களிமண்ணைத் தடவி உருவங்கள் செய்தார். தாளை வெட்டி ஒட்டினார். 1972ல் கலா பவனச் சுவர் ஒன்றுக்கு ஓட்டுச்சில்லுகளில் பெரிய சுவரோவியம் அமைத்தார். அதே ஆண்டு தம் ஆசிரியரைப் பற்றி ராய் எடுத்த ஆவணப்படம் ‘உள்விழி’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு வெளிவந்தது.

பெருமைகளுக்கு நடுவே ஒரு கேள்வியைத் தவிர்க்கமுடியாது. இந்தச் சுவர்களிலும் சிலைகளிலும் சந்தால்கள் எங்கும் இருக்கிறார்கள். தூரிகை பிடித்த கைகளில் அவர்கள் மிகக் குறைவு. மண்சுவர்க் கலையைக் கொடுத்தவர்கள் அவர்கள், மாதிரியாக நின்றவர்கள் அவர்கள், கட்டட வேலையில் கூலிக்குச் சுமந்தவர்களும் அவர்கள். ஆனால் மாணவர் பட்டியலில் நகரத்துப் படித்த குடும்பங்களின் பெயர்களே நிறைந்திருந்தன. அழகான உடல், கவலையில்லாத ஆட்டம் என்று பழங்குடி வாழ்வைக் கனவாக்கிய படங்களும் இங்கே நிறைய வந்தன. ராம்கிங்கரின் சந்தால்கள் அந்த இனிப்பிலிருந்து தப்பித்ததற்கு, அடித்தட்டுக் குடும்பத்திலிருந்து வந்த அவருக்கு உழைக்கிற உடம்பின் களைப்பு தெரிந்திருந்ததே காரணமாக இருக்கலாம். இன்றைக்குத் தெருச்சுவரில் வண்ணம் பூசக் கிளம்பும் எந்தக் கலைக்குழுவும், அந்தத் தெருவில் குடியிருப்பவர் கையில் ஒரு தூரிகை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள சாந்திநிகேதனின் இந்தக் குறை உதவும்.

பராமரிப்பு இன்னொரு தலைவலி. மண்சுவர் ஒவ்வொரு மழைக்கும் பழுதாகும், கரையான் வரும், தார் வெடிக்கும். ஈரம் சுண்ணாம்புச் சுவரின் உள்ளேயிருந்து வண்ணத்தைத் தள்ளும். நிலைத்து நிற்பதைவிட உடனே செய்துபார்ப்பதற்கு முதலிடம் கொடுத்த கூட்டம், வரப்போகிறவர்களுக்கு ஓயாத வேலையை விட்டுப்போயிருக்கிறது. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபின், இந்தச் சுவர்களைக் காக்கும் பொறுப்பின் கனம் இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் சுவர்கள் அருங்காட்சியகமாக உறைந்துவிடவில்லை. பரோடாவில் பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு 1980ல் சாந்திநிகேதன் திரும்பிய கே.ஜி. சுப்ரமணியன், 1990களின் தொடக்கத்தில் கலா பவனக் கட்டடம் ஒன்றை மேலிருந்து கீழ்வரை கறுப்பும் வெள்ளையுமான உருவங்களால் போர்த்தினார். மரம், விலங்கு, பறவை, மனிதர், தெய்வம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். வெயிலிலும் மழையிலும் அது மங்கியபோது பழையதை ஒட்டிச் சரிசெய்யும் யோசனையை விட்டுவிட்டு, 2009ல் தம் 85ஆம் வயதில் அதே சுவர்களில் புதிதாகவே வரைந்தார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 தேதிகளில், நந்தலாலின் பிறந்தநாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில், கலா பவன மாணவர்கள் நந்தன் மேளாவை நடத்துகிறார்கள். 1973ல் தொடங்கியது. சுடுமண் பொம்மை, அச்சுப்படம், நாட்காட்டி, வாழ்த்து அட்டை, துணி என்று மாணவரும் ஆசிரியரும் செய்ததை வளாகத்திலேயே கடைபோட்டு விற்கிறார்கள். வருகிற பணம் மாணவர் நலநிதிக்குப் போகிறது. உடம்புக்கு முடியாத மாணவரின் மருத்துவச் செலவு அதிலிருந்து வருகிறது. அஞ்சலட்டை அளவில் கையால் வரைந்த படங்களும் அந்தக் கடைகளில் கிடைக்கும். மாணவருக்குக் கட்டுப்படியாகிற விலையில்.